பச்சை அட்டை மாத்திரை

ஓசூரில் மகள் வீட்டில் இருக்கும் அருமைக் கோவிந்தனுக்கு, அண்ணனூர் வேம்புலி சொல்லச் சொல்ல மருமகள் ரேவதி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மிக்ஜாம் புயலில் நம் தெருவில் முட்டி வரை தண்ணீர் நின்றதே, அதற்கப்புறம் கிளாம்பாக்கத்துக்கு பஸ்ஸை எல்லாம் மாற்றினார்களே, அந்தத் தை மாதம் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. வெட்கம்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. அட்டையின் நிறம் பார்த்துத்தான் மாத்திரை போடுவேன். பச்சை பிரஷருக்கு, ரோஸ் தூக்கத்துக்கு. அந்த மாதம் கடைக்காரர் கம்பெனி மாற்றிக் கொடுத்ததில் பச்சை ரோஸாகிவிட்டது, ரோஸ் பச்சையாகிவிட்டது. ரோஸைப் போட்டும் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். காலையில் பச்சையைப் போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன். சாயங்காலம் பெட்டி கூட்ட வந்தவள் தோளைத் தட்டி, "இன்னா நைனா, வண்டியே தூங்க வந்துட்ச்சு, நீ ஊட்டுக்குப் போவலியா?" என்றாள். பார்த்தால் நம் அண்ணனூர் ரயில் ஷெட். ஏறிய ஊரிலேயே இறங்கினேன்.

வாலிபத்தில் நாம் மாங்காட்டுக்காரர்களைக் கபடியில் இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது என்று ஜெயித்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஒரு பகல் மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை.

டாக்டரம்மா விளக்கினார். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி போய்க்கொண்டே இருக்கிறதாம். இந்தத் தூக்க மாத்திரை அதைத் தணித்துவிடும். அதனால்தான் தூக்கம், தள்ளாட்டம், மறதி. குடியும் அதே வேலையைத்தான் செய்யுமாம். இரண்டும் சேர்ந்தால், மூச்சு விடச் சொல்லும் இடமே மந்தமாகிவிடும் என்றார்.

எனக்கு நம்மோடு கபடி ஆடிய ஜெயராமன் ஞாபகம் வந்தான். தூக்கத்தில் போனான், நல்ல சாவு என்றோமே. அவன் தலைமாட்டில் மாத்திரை அட்டையும் குவார்ட்டர் பாட்டிலும் இருந்ததை நான் பார்த்தேன்.

உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, கமலம் நேற்று போனில் அழுதது. நீயும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு குவார்ட்டரைத் திறக்கிறாயாமே. "நீ சொன்னாத்தான் கேப்பாரு, அண்ணே" என்றது. கேள் மச்சான், இரண்டையும் சேர்க்காதே. வீம்புக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியும் விடாதே, வலிப்பு வருமாம். குடிப்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நானும் தூக்க மாத்திரையை அப்படித்தான் விட்டேன். இப்போது பிரஷர் டப்பா மூடியில் ரேவதி சூரியன் வரைந்திருக்கிறாள். பார்க்க தோசை மாதிரி இருக்கிறது. இதையும் அவளே முறைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

ஒரே மூச்சில் கபடி பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன் நீ. மாங்காட்டு அம்மன் அந்த மூச்சைக் காப்பாற்றட்டும். நம் கபடிக் குழு ஏழு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். என்னை விட்டால் இருப்பது நீ ஒருத்தன்தான், கோவிந்தா.