பனியில் நின்ற லாரி

அன்பு கரோலின்,

ராயபுரத்தில் இன்று காலை நல்ல பனி. டேங்கர் லாரிகள் யானைகளைப் போல அசைந்து போகின்றன.

முதுமலையில் நீ கண்டது தலைகீழ். பனியில் வழியடைத்து நின்ற காட்டு யானையை லாரி என்று நினைத்து, "ஓரங்கட்டு நைனா, மன்சன் போவ வேணாமா?" என்று அதட்டினாய். லாரி காதை அசைத்தது.

காட்டு விலங்கைக் கண்டால் ஓடக்கூடாது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், உன் கையை உதறிவிட்டு நாம் வந்த வேனுக்கு ஓடினேன். நீ நின்றாய். அது உன்னைப் பார்த்துக்கொண்டே, கனவில் போவதைப் போலப் பனிக்குள் விலகிப் போனது.

ஊர் திரும்பியதிலிருந்து மணலியில் நம் மகள் வீட்டில் இருக்கிறாய். காரணம் நான் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே வருகிறேன். எவ்வளவு அதட்டினாலும் வாசலிலேயே நிற்பேன்.

உன் கையை விட்டவன்