பீலிச் சத்தம்

அக்கா,

நாம் புலம்பெயர்ந்து வந்த சில்க்போர்க்கில் காலையிலிருந்து மழை. கூரைத் தண்ணீர் குழாயால் இறங்கி வாசல் கல்லில் விழுகிறது. அந்தச் சத்தத்தில் உங்கள் நினைவு வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் நம் வேலை முடிந்து கிளம்பும்போது மழை பெய்தால், ஓட்டோரம் நின்று கேட்பீர்கள். "எங்க பீலி மாதிரியே விழுது பாரு" என்பீர்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த எனக்குப் பீலி என்றால் என்னவென்றே தெரியாது. மலையூற்றைக் குழாய் வைத்து இறக்கி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சனம் குடிக்கவும் குளிக்கவும் விழவிடும் இடம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இந்தத் தட்டையான நாட்டில் எல்லோரும் பெருமையடிக்கும் 'வான மலை'க்கு ஒருமுறை உங்களைக் கூட்டிப்போனேன். உச்சியில் நின்றுகொண்டு, "சரி, மலை எங்க?" என்று கேட்டீர்களே! சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உங்கள் தம்பி போன் எடுப்பார். கதைத்து முடிந்ததும் போனைப் பீலியடித் துவைகல்லில் வைத்துவிட்டுப் போகச் சொல்வீர்கள். தண்ணீர் விழுவதைக் கேட்டபடி நீங்கள் இங்கே கறி தாளிப்பீர்கள்.

பிறகு அந்தச் சத்தம் மெலிந்தது. அங்கே மழை மாதக்கணக்கில் வராது. வந்தால் ஒரே நாளில் கொட்டி, மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். ஊறுவதற்கு எதுவும் மிஞ்சாது. கொழுந்துச் சம்பளத்தில் குடும்பம் ஓடாமல், தம்பி ஊற்றுக்கு மேலே கோவா, லீக்ஸ் என்று மரக்கறி போட்டு, மோட்டார் வைத்து அந்த ஊற்றையே இறைக்கத் தொடங்கினார். பக்கத்துக் காணிக்காரர்களும் அதையே செய்தார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் யாரைக் கோபிப்பது?

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பீலியைக் கேட்கவேண்டும் என்றீர்கள். நான் தம்பிக்கு எடுத்தேன். "மோட்டார நிப்பாட்டினாத்தான் கீழ தண்ணி வரும். நிப்பாட்டுறேன். மத்தவங்க கிட்டயும் சொல்றேன்" என்றார்.

மறுநாள் உங்கள் காதருகே போனைப் பிடித்தேன். என் மற்றப் போனில் பதிவும் செய்தேன். நூல் போலத்தான் விழுந்தது. கண்ணை மூடிக் கேட்டீர்கள். பிறகு தம்பியிடம், "போதும்டா. மோட்டாரப் போடு. லீக்ஸ் காஞ்சிட்டா புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்ப?" என்றீர்கள். நீங்கள் எங்களை விட்டுப் போகுமுன் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

நேற்று தம்பி எடுத்தார். ஊற்று வற்றிவிட்டதாம் அக்கா. மோட்டாருக்கும் தண்ணீர் இல்லை, கோவா கருகிவிட்டது. பவுசர் லொறி வந்தால்தான் குடிக்கத் தண்ணீர். "நாங்கதான் உறிஞ்சிட்டமா, மழைதான் ஏமாத்திருச்சா, ஒண்ணும் வெளங்கல" என்று அழுதார்.

"நீங்கள் என்ன செய்வீங்கள் தம்பி" என்றேன்.

வைக்கப்போகும்போது தயங்கிக் கேட்டார்: "அன்னைக்கு அக்காவுக்குப் பீலியக் கேக்க வச்சமே, அது உங்ககிட்ட இருக்கா? இங்க யார்கிட்டயும் இல்ல."

"ஓம், இருக்கு."

இன்னும் மழை விட்டபாடில்லை. வாசலில் தண்ணீர் வீணாக ஓடுகிறது. அதில் ஒரு குடம் உங்கள் தம்பிக்கு அனுப்ப எனக்கு வழியில்லை. சத்தத்தைத்தான் அனுப்பினேன், அக்கா.