நீ மகனைக் கேட்ட நாட்கள்

மச்சான்,

இன்று மறதிநோய் கிளினிக் முடிந்ததும் தாதி கொண்டுவந்து வைத்த, பால் விடாத பிளேன்ரீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நான் வாயில் வைக்கவில்லை. மணம் மட்டும் ஏறியது. இஞ்சி இல்லாத பிளேன்ரீயைச் "சுடுதண்ணி" என்று தள்ளிவைக்கிற ஆள் நீ. கோப்பை ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் நாம் இருவரும் ஒரே மேசையில் இருந்து மருந்து எழுதினோம். கடலில் போன மூத்த மகனை அடக்கம் செய்துவிட்டு நேரே அந்த மேசைக்கு வந்தவன் நீ. வயதானவர்களின் ஞாபகத்தைச் சோதிக்கும் தாளில் வீட்டு இலக்கம் என்ன, தெருவின் பெயர் என்ன என்று கேள்விகள் இருந்தன. "தெருவே இல்லாத ஆளிட்ட என்ன விலாசத்தடா கேக்கிற?" என்று அவற்றை வெட்டினாய். ஞாபகம் வைக்கச் சொல்லும் ஐந்து சொற்களில் தோணி என்று ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் ஒரு கிழவர் விம்மத் தொடங்கியதால் அதையும் எடுத்தாய். பூசணி, குடை, கத்தரிக்கோல், மாடு, தலையணை என்று கடல் பக்கம் போகாத சொற்களாகப் பார்த்து நீயே போட்டாய். அதற்குப் பிறகு கல்முனைப் பக்கத்தில் நம்மிடம் வந்த எல்லா முதியவர்களும் உன் பூசணியையும் குடையையும்தான் சுமந்தார்கள்.

நீ மறக்கத் தொடங்கியதை ஊரில் ஒருவரும் நோயாக எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பள்ளிவாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தாய். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு மறுபடி லுஹருக்குக் கைகால் கழுவி உளூச் செய்தாய். "புள்ளையக் கடலுக்குக் குடுத்த மனுசன், மனம் எங்க நிக்கும்?" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அந்த நாட்களில் நம் ஊரில் யாருக்கு எது வந்தாலும் காரணம் கடல்தான்.

பிறகு நீ சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகத் தொடங்கினாய். கலியாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டில் இருப்பதுதான் நம் ஊர் வழக்கம். அவன் பையோடு உம்மா வீட்டுக்கு நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம். இரண்டாம் தடவை நீ நடந்ததுமே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மார் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். வெற்றிலைத் தட்டம் வைத்து, பெரிய முகத்தோடு இருந்தார்கள். உன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, "நாங்க ஒரு சண்டையும் புடிக்கல்லயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை. புருசன் பெண்சாதி சண்டையை யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? "பொறுமையா இரிங்க மகள்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். நினைத்தால் சிரிப்பு வரவேண்டும்.

உம்மா வீடு கடற்கரையில் இருந்தது. அப்போது அங்கே அத்திவாரமும் மணலும்தான் மிச்சம். மூன்றாம் தடவை வழியிலிருந்த ஆமிச் சோதனைச் சாவடியில், சென்றியில், உன்னை மறித்தார்கள். அடையாள அட்டை கேட்ட ஆமிக்காரனிடம் நீ பையைத் திறந்து சட்டைகளைக் காட்டியிருக்கிறாய். போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. அவன் உன்னைத் தெரிந்தவன், முன்பு உன்னிடம் காய்ச்சலுக்கு மருந்து எடுத்தவன், அதனால் வீட்டில் கொண்டுவந்து விட்டான். அன்று பின்னேரமே உன் மனைவி உன்னை என் அறைக்குக் கூட்டிவந்தாள்.

தாளை எடுத்ததும் சிரித்தாய். "நான் போட்ட கேள்வியில எனக்கே சோதனையா?" கேட்டதற்கெல்லாம் பிழையில்லாமல் பதில் சொன்னாய். உனக்கு அது மனப்பாடம், ஆகவே அதில் ஒன்றும் தெரியவரவில்லை. நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு ஐந்து சொற்களைச் சொன்னேன். சாவி, வாழை, மேளம், கயிறு, கண்ணாடி. நீயும் திருப்பிச் சொன்னாய். கொஞ்ச நேரம் உன் வயல் கதை கதைத்தோம், சவளக்கடைப் பக்கம் தண்ணீர் பிந்துவதைச் சொன்னாய். பிறகு கேட்டேன். நீ நிமிர்ந்து இருந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "பூசணி, குடை, கத்தரிக்கோல், மாடு, தலையணை."

என் முகத்தைப் பார்த்தாய். முகம் படிப்பது உனக்கு மறக்கவில்லை.

"பிழைச்சிட்டனா?"

"ஓம் மச்சான்."

"தைரொயிட் பார்த்தியா? இரத்தத்துல விற்றமின்? தலைக்கு ஸ்கேன்?"

"எல்லாம் பார்ப்பம்."

"பாரு. ஆனா அது அல்சைமர்தான்." யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாய். பேனையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாய். "இனி நான் ஆக்களுக்கு மருந்து எழுதக் கூடா."

பரிசோதனைகள் உன் சொல்லைத்தான் உறுதி செய்தன. கொழும்பிலிருந்து மாத்திரை எடுப்பித்தோம். முதலில் வயிற்றைப் புரட்டியது, அளவைக் குறைத்துக் கொடுத்துக் கூட்டினோம். சில மாதம் பெயர்கள் கொஞ்சம் நின்றன. நோய் நிற்கவில்லை. நிற்காது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

மகனைக் கேட்கத் தொடங்கினாய். "மகன் இன்னும் வரல்லயா?" உன் மனைவி உள்ளதைச் சொல்வாள். அப்போதுதான் கேள்விப்படுபவனாக நீ நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுவாய். சோறு இறங்காது. அடுத்த நாள் மறுபடி கேட்பாய், மறுபடி அவனுடைய மௌத்துச் செய்தி புதிதாகும். சொல்லவேண்டாம், அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கிறான் என்று பேச்சை மாற்றிவிடுங்கள் என்று நான் அவளுக்குச் சொன்னேன். நாம் படித்தது அதுதான். எல்லாக் குடும்பங்களுக்கும் நீயும் அதைத்தான் சொல்லியிருக்கிறாய்.

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். என்னை அண்ணனாக எண்ணிக் காக்கா என்றுதான் அழைப்பாள். "காக்கா, நீங்க சொல்றது மருந்து. புள்ள அக்கரைப்பற்றுல இரிக்கான் எண்டு சொன்னா இவர் அவனுக்காகக் கையேந்தித் துஆக் கேப்பாரா? மௌத்தான புள்ளைக்குப் பெத்தவங்கட துஆதான் போகும். வாப்பாட துஆவ நான் எப்படி நிப்பாட்டுற?"

சொன்னால் நீ சாகிறாய். சொல்லாவிட்டால் அவன் கபுறுக் குழியில் தனித்துப்போகிறான் என்று அவள் நினைக்கிறாள். அதற்கு எந்தப் புத்தகத்தில் மருந்து தேடுவது?

போர் முடிந்தது என்று கடைத்தெருவில் வெடி கொளுத்திய அன்று பகல் நான் உன் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டதும் எழும்பிவிட்டாய். "கடல் வருது. மகன் எங்க?" சாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். உன் மனைவி என்னைப் பார்த்தாள். உண்மையும் வாயில் வரவில்லை, பொய்யும் வரவில்லை. இரண்டு கையையும் ஏந்தினேன். வேறொன்றும் யோசித்துச் செய்ததல்ல.

ஏந்திய கையைக் கண்டதும் நீ நின்றாய். உன் கைகளும் உயர்ந்தன. "யா அல்லாஹ், இவர்ர மகன நீ பொறுப்பெடுத்துக்க. அவனுக்கு உன்ட கிருபைய, றஹ்மத்தச் செய்" என்றேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கும் அதைத்தான் கேட்போம், இல்லாத பிள்ளைக்கும் அதைத்தான் கேட்போம். "ஆமீன்" என்றாய். கதவடியில் அவளும் "ஆமீன்" என்றாள். முகத்தைத் தடவிக்கொண்டு நாற்காலியில் இருந்தாய். வெளியே வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. நீ வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டாய்.

அதன்பிறகு வீட்டில் அதுதான் வழக்கம். நீ கேட்பாய், அவள் கையேந்துவாள். கடைசி மாதங்களில் மகன் என்ற சொல்லும் உன்னிடமிருந்து போய்விட்டது. கை மட்டும் உயர்ந்தது, அவள்தான் மகனுக்காகக் கேட்டாள்.

உன் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிய பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இனி இவர் அவனக் கேக்க மாட்டார்தானே காக்கா?"

"தேவையில்ல தங்கச்சி, அவனிட்டத்தானே போயிருக்கார்" என்றேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது கிளினிக்கில் யாராவது, செத்தவரைக் கேட்கிறாரே, என்ன சொல்ல என்று வந்து நின்றால் உடனே சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்கள் வீட்டில் செத்தவருக்கு என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்கிறேன். பாண்டிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மா, விளக்கு வைப்போம் என்றார். அப்படியானால் கேட்கிறவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு நானும் கையேந்துகிறேன். உன் மகனின் பெயரை முதலில் சொல்கிறேன். உன்னுடையது அதற்குப் பிறகுதான். நீ அவனைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாய்.