ஏழாவது ஆள்

அன்னூர்,
28.12.2025

அன்புள்ள மௌனி,

ஹரியானாவில் குளிர் எப்படி? ஞாயிறு மட்டும்தான் விடுதியில் போன் தருகிறார்கள், அதையும் உன் அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். நீ அங்கே கபடிப் பயிற்சிக்குப் போனதும், விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்த குற்றத்துக்காக ராமாமணி டீச்சர் என்னைக் கபடிக் கேப்டன் ஆக்கிவிட்டார்! ஆனால் ஆறு பேர்தான் இருக்கிறோம். ஜனவரி 11 அரையிறுதி. ஸ்பின்னிங் மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் ரூபாலியைக் கேட்கலாமா? நம் வகுப்பு 'இந்திக்காரி'தான். என்ன மூச்சு தெரியுமா அவளுக்கு!

உன் வர்ஷினி

ரோத்தக்,
3.1.2026

வர்ஷி,

யாரையும் சேர்க்காதே. இங்கே எனக்குப் பெயரே இல்லை, 'மதராசி'தான். ஆட்டத்தில் ஓரமாக உட்காரவைக்கிறார்கள். இருபதாம் தேதி அப்பா வருகிறார். 'உன் இடம் இருக்குடி' என்று ஒரு வரி எழுது. பெட்டியைக் கட்டிவிடுவேன்.

மௌனி

அன்னூர்,
12.1.2026

மௌனி,

ஜெயித்துவிட்டோம்! அவிநாசியை! 27-26!

ரூபாலி முதல் ரெய்டு போனதும் நடுவர் விசில் ஊதிவிட்டார். அவள் ஊரில் 'ஹாடுடு' என்று பாடித்தான் ஆடுவார்களாம், அதையே பாடியிருக்கிறாள். அவிநாசிக்கு ஒரு புள்ளி. தப்பு என்னுடையது. எல்லா விதியும் சொல்லிக் கொடுத்தவள் அதை மட்டும் சொல்லவில்லை. டீக்கடை அங்கப்பன் மாமா எழுந்தே விட்டார்: "ஏனுங்க, புள்ள மூச்சு உடாமத்தானுங்க பாடுச்சு? எந்தப் பாட்டா இருந்தா உங்களுக்கென்னங்க?"

"கபடின்னுதானுங்க சொல்லோணும். சட்டமுங்க," என்றார் நடுவர்.

கடைசி ரெய்டில் அவள் மறந்துவிடக் கூடாதென்று மாமா "கபடி, கபடி" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்! மில் குடும்பங்கள், நம் ஊர்க்காரர்கள், எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, விழுந்தபடியே நடுக்கோட்டைக் கையால் தொட்டாள். எனக்குத் தொண்டையே போய்விட்டது.

நீ கேட்ட அந்த ஒரு வரியை நான்கு நாளாக எழுத முடியவில்லை. உன் இடம் இல்லை, மௌனி. இருபத்தாறாம் தேதி இறுதி ஆட்டத்திலும் ரூபாலிதான். நீ வந்தால் மாற்று ஆளாகத்தான் உட்காரவேண்டும். பொய் எழுத வரவில்லை.

அவள் பேசுவது இந்தியே இல்லையாம், வங்காளியாம். இரண்டு வருடம் நாம் கேட்கவேயில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று வெட்கமாக இருந்தது.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

வர்ஷினி

ரோத்தக்,
21.1.2026

வர்ஷினிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். அப்புறம் ஒட்டினேன்.

நேற்று அப்பா வந்து, "பெட்டி எங்க அம்மணி?" என்றார். கட்டவில்லை என்றேன். மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுத் தனியாக ரயிலேறினார். டப்பாவை அறையில் திறந்து வைத்தேன். 'மதராசி' என்றவர்களே ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் கோபி ஊர் அணியோடு என்றால், இடது மூலையில் நிற்கும் உயரமான பெண் கணுக்காலைத்தான் பிடிப்பாள். போன வருடம் என்னை அப்படித்தான் சாய்த்தாள். அந்தப் பக்கம் காலை நீட்ட வேண்டாம், கையால் தொடச் சொல், ரூபாலியிடம்.

இன்னும் கோபத்துடன்,
மௌனிகா