பூனை விட்ட அரை பீட்

3 மார்ச்

டேய் பூனை,

கடிதமும் மெமரி கார்டும் வந்தன. போனில் அனுப்பினால் ஃபைல் சுருங்கிப் பாட்டு நசுங்கிவிடும் என்று நான்தான் இந்தத் தபால் பழக்கத்தை ஆரம்பித்தேன். இந்த முறை நீ அனுப்பிய பாட்டுகளை நசுக்கியே அனுப்பியிருக்கலாம். முதலாவதில் பாடகருக்கு மூக்கடைப்பு. அடுத்ததில் டிரம்ஸ் அடிப்பவர் எங்கோ பஸ் பிடிக்க வேண்டும் போல. கடைசிப் பாட்டு மட்டும் தேறும். வேலைக்குப் போகிற வழியெல்லாம் இப்போது அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கிற பேண்டின் புதுப் பாட்டைக் கேட்டாயா? நான் நேற்று முடிவெட்டும் கடையில் கேட்டேன். பாதித் தலையோடு எழுந்துவிட்டேன். நடுவில் வரும் கிடார் நம்முடையது. டயர் கடைப் பின்னறையில் நீ வாசிக்க நான் பதிவு செய்து, முழுப் பாட்டையும் செய்து முடிக்கும்வரை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை என்று பேசி வைத்தோமே, அதே கிடார். ஹால் ஹாலாக ஸ்பீக்கர் கட்டித் திரிகிறவன் நான், காதுதான் என் பிழைப்பு. நீ தடுமாறித் தாளத்தில் அரை பீட் விட்டாயே, அந்த ஓட்டைகூட அப்படியே இருக்கிறது. ஒரே மெட்டு இரண்டு பேருக்குத் தோன்றலாம். ஒரே தப்பு தோன்றாது.

உன்னிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒன்று. என்னுடையது என் கையை விட்டுப் போனதில்லை. நீ யாரிடம் கொடுத்தாய்?

ஃப்யூஸ்

11 மார்ச்

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

நலம்தானே? மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே நீ அனுப்பிய கார்டைக் கேட்டேன். ஒரு பாட்டில் அந்த அம்மாள் பாட ஆரம்பிக்குமுன் மூச்சு இழுக்கிறாரே, அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டேன். முதலாளி, "அந்தம்மா எப்பதான்டா பாடுவாங்க?" என்று கேட்டுவிட்டார்.

மற்ற விஷயம். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. விட்டுவிடேன். பாட்டு நன்றாகத்தானே வந்திருக்கிறது? மாப்பிள்ளையிடம் மட்டும் எதுவும் கேட்காதே. தங்கச்சி இப்போதுதான் அந்த வீட்டில் காலூன்றியிருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மீதித் தலையையும் வெட்டிக்கொள்.

உன் பூனை

16 மார்ச்

பூனை,

"விட்டுவிடேன்" என்கிறாய். பொருளைப் பறிகொடுத்தவன் அப்படிச் சொல்லமாட்டான். உனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது. கேட்காதே என்றால், கேட்டால் ஏதோ வெளியே வரும் என்றுதானே அர்த்தம்? மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த நடு கிடார் யார் போட்டது?"

"எங்க கிடாரிஸ்ட், தம்பி. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு நானே சொன்னேன். ஏன்?"

"எங்கயோ இல்ல, உங்க மச்சான் வீட்டுலதான் கேட்டிருப்பீங்க. திருடுறதுக்குச் சொந்தக்கார வீடுதான் கிடைச்சுதா?"

பட்டென்று வைத்துவிட்டார். மடியில் கனம் இல்லாத ஆள் இரண்டு வார்த்தையாவது திட்டியிருப்பார். தங்கச்சிக்காகக் கொடுத்தேன் என்று சொல்லித் தொலை, பாதிக் கோபம் போய்விடும்.

இந்தத் தடவை கார்டு இல்லை.

ஃப்யூஸ்

25 மார்ச்

ஃப்யூஸ்,

தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, நீதான் குடுத்தியா? அவரு பேண்டுல எல்லார் முன்னாடியும் கேட்டு ஒரே சண்டையாம். வீட்டுல யாரும் எனக்கு முகம் குடுத்துப் பேசல" என்று அழுதாள். அதனால் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஸ்பீக்கர் கட்டி முடித்ததும் நீ எதைப் போட்டுச் சோதிக்கிறாய்? ஒருமுறை உன்னோடு வயர் சுருட்ட வந்தபோது பார்த்தேன். நம் பதிவைத்தான். அதன் ஒவ்வொரு சத்தமும் உனக்கு அத்துப்படி என்பதால். வாசிக்கப் போகிறவர்கள் மேடையில் தந்தியை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். நீ அவர்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டாய்.

இப்போது அந்தக் கிடார்காரரை நேரில் போய்க் கேட்டேன். "ஒரு ஹால்ல டெஸ்டிங்குக்கு ஒருத்தர் விடாம இதையே போட்டாரு. எல்லாரையும் திட்டிட்டே வேற இருந்தாரு. தலைக்குள்ள ஒட்டிக்கிச்சு. அந்த ஓட்டைதான் அழகுன்னு அப்படியே வச்சுட்டேன்" என்றார்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பூனை

2 ஏப்ரல்

பூனை,

ஆமாம். காலி ஹாலில் போடுவதை யாருக்கோ போட்டுக் காட்டுவதாக நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாற்காலிகள்தானே கேட்கின்றன என்று இருந்துவிட்டேன். மேடையில் நிற்கிறவனுக்கும் காது உண்டு என்பது, சத்தத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய மடையனுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: "இவர் திருடல. இவரோட மச்சான் குடுக்கல. நான்தான் போற இடமெல்லாம் போட்டேன்."

மாப்பிள்ளை எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவருடைய அம்மா, "போன் பண்றதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். தங்கச்சி வெளியே வரவில்லை. பாட்டில் உன் பெயரைச் சேர்க்கிறார்களாம். என் பெயர் வேண்டாம் என்றுவிட்டேன்.

மன்னித்துவிடு. இதை நீட்டி எழுத எனக்கு வராது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. முதலிலேயே தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயே, எனக்கு வலிக்கக் கூடாது என்றா? இல்லை, நான் உன்னை எவ்வளவு தூரம் சந்தேகப்படுவேன் என்று பார்க்கவா?

ஃப்யூஸ்

9 ஏப்ரல்

ஃப்யூஸ்,

தங்கச்சி பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. நீ போனது நல்லது.

வலிக்கக் கூடாது என்றுதான். நீ நம்புவாயா தெரியவில்லை, நம்ப வைக்க எனக்குத் தெம்பும் இல்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. பாட்டு கேள்.

பூனை