மூன்று தடவை கழுவிய கேன்

ஐப்பசி, சனிக்கிழமை.

செல்வியின் பசு இன்று காலையில் செத்துப்போயிற்று. ஏழு மாதச் சினை.

செல்வி எங்கள் சாயப் பட்டறையில் பட்டு நூல் அலசுகிறவள். கூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சாய மருந்து வந்த காலி கேன்களை முன்பெல்லாம் பூட்டி வைத்து, படிவம் எழுதி, அதற்கென்று வரும் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். இப்போது அரசாங்கத்தில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். மூன்று தடவை கழுவினால் போதும், அது சாதாரணப் பழைய சாமான். தளர்த்தச் சொல்லிக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. புது விதியைப் பட்டறைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

போன வாரம் செல்வி, "ணா, மாட்டுக்குக் கழனித்தண்ணி புடிச்சி வெக்க ஒரு கேன் குடுங்கணா" என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. ஒரே ஒரு தடவைதான் அலசியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

கேனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் மாட்டு டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் செல்வி கேனோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஊட்ல இன்னொரு வாட்டி கழுவாம புடிச்சிட்டேன். என் தப்புதாண்ணா. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்றுதான் வந்தது.

கேனை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மூணு தடவ கழுவிட்டேண்ணா. வேற யாருக்காச்சும் குடுங்க."