நிரம்பியபடியே திரும்பும் பாட்டில்

சேலையூர்,
17.8.2025

அன்புள்ள ஷீலா,

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். என் போனை என்னைவிட என் மகள் சின்மயிதான் அதிகம் பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பேசலாம் என்றால் நாக்கு எழவில்லை.

எனக்கு மூலம். அப்பாடா, எழுதிவிட்டேன்.

பல மாதமாகவே வயிறு சரியாகப் போவதில்லை. காலையில் பாத்ரூமில் உட்கார்ந்தே கிடப்பேன். இவர் கதவைத் தட்டி, "பஸ் போயிடும்" என்று கத்துவார். போன வாரம் ரத்தம் பார்த்ததும் பயந்துபோய் குரோம்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, வேறு ஆபத்து இல்லை என்றார். நார்ச்சத்துள்ள சாப்பாடு, நிறையத் தண்ணீர், தினமும் நடை. பொங்கல் வரை பார்க்கலாம், அடங்காவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்.

பொங்கல் முடிந்தால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். அந்த நேரத்தில் நான் குப்புறப் படுத்துக் கிடந்தால் யார் கணக்கு நடத்துவது? டீச்சருக்கு என்ன ஆபரேஷன் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? நினைத்தாலே கூசுகிறது.

படித்ததும் கிழித்துவிடு.

உன்,
கோகி


கோவிலம்பாக்கம்,
24.8.2025

என் கோகிக் கண்ணு,

கிழிக்க மாட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. வயிறு என்ன திருட்டுக் குற்றமா செய்தது, இப்படி ஒளித்து வைக்க?

நீ ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது, விடை வராத கணக்கை நான் அடித்துவிட்டுப் போவேன். நீ மறுநாள் போட்டுக்கொண்டு வந்து நிற்பாய். உன்னிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை, நிறையப் பெருமை. இந்த மூலத்தையும் நீ ஒரு வழி பண்ணிவிடுவாய்.

முதலில் அந்தப் பரோட்டாவை விடு. கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் சாப்பிடு. சாயங்காலம் நட. எனக்கு அந்தக் கவலையே இல்லை. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டேதான் இருக்கிறேன். அதைவிடவா பெரிய உடற்பயிற்சி? இருந்தும் வயிறு மந்தமாகத்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
ஷீலா


சேலையூர்,
5.10.2025

அன்புள்ள ஷீலா,

உன் பேச்சைக் கேட்டேன், டாக்டர் பேச்சையும் கேட்டேன். காலையில் ஓட்ஸ், மதியம் கீரை, பள்ளிவிட்டு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி கேழ்வரகுத் தோசை, நடுநடுவே கொய்யா. பரோட்டாக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு கேம்ப் ரோடு வழியாக நடந்தே வீட்டுக்கு வருகிறேன். ஸ்கூட்டர்காரர்கள் எல்லாம் என்மேல் ஏற்றிவிடாமல் இருந்தால் அது அவர்கள் கருணை.

பலன்? வயிறு மத்தளமாக உப்பிக்கொண்டது. முன்னைவிட இறுகிவிட்டது. நேற்று பாத்ரூமில் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். சொன்னதை எல்லாம் செய்தும் இப்படி என்றால் நான் வேறு என்னதான் செய்வது? ஆபரேஷனுக்கு நாள் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

சோர்ந்துபோன,
கோகி


கோவிலம்பாக்கம்,
12.10.2025

கோகி,

நாள் கேட்காதே. முதலில் இதைப் படி.

ஜூன் மாதம் கேம்ப் ரோடு ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கனம். உள்ளே தண்ணீர் பாட்டில். சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலையில் பிடித்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் ஏன் கேட்கவில்லை தெரியுமா? என் பாட்டிலும் அப்படித்தான் வீடு திரும்புகிறது.

உன் பள்ளியில் டாய்லெட் எப்படி என்று நீ சொல்லவே வேண்டாம். எங்கள் கடையில் அது மூன்றாவது மாடியில். சாவி மேனேஜர் சட்டைப் பாக்கெட்டில். கஸ்டமர் முன்னால் போய்க் கேட்டால், "இப்பத்தானே போன?" என்பார். அதனால் காலையில் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்வேன். கடையில் எல்லாரும் அப்படித்தான். அது ஒரு பழக்கம் என்றுகூட எங்களுக்குத் தோன்றுவதில்லை.

இத்தனை நார்ச்சத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் அது உள்ளே போய்க் களிமண்ணாகத்தான் இறுகும். நீ கேட்டால் உன் பள்ளியில் நடக்கும். நீ டீச்சர். வாயைத் திற.

உன் ஷீலா


சேலையூர்,
9.11.2025

என் ஷீலா,

திறந்துவிட்டேன்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டபடியே கரஸ்பாண்டென்ட் எழுந்துகொள்ளப் போனார். நான் எழுந்துவிட்டேன். கால் நடுங்கியது. "சார், லேடீஸ் டாய்லெட்ல தாழ்ப்பாள் இல்ல. உடைஞ்ச பெஞ்செல்லாம் அங்கதான் போட்டு வெச்சிருக்காங்க. அதனால நாங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்ல. எனக்கு மூலம் வந்திருக்கு சார்."

இதோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போது இந்த வருஷம்தான் சேர்ந்த பிளஸ்ஸி எழுந்து, "எனக்கு ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன் ஆச்சு சார்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கரஸ்பாண்டென்ட் தலையைக் குனிந்துகொண்டே, "திங்கட்கிழமை சரியாயிடும்" என்றார். ஆயிற்று.

இப்போது வகுப்பிலேயே பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன். என்னைப் பார்த்துப் பெண் பிள்ளைகளும் திறக்கிறார்கள். இவர்களும் இத்தனை நாள் குடிக்காமல்தான் இருந்திருக்கிறார்கள், ஷீலா. எனக்குத் தெரியவில்லையே.

சுண்டலைக் குறைத்து, மற்றதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நடையை விடவில்லை. வயிறு மெல்ல இளகுகிறது.

சரி, என் பாட்டிலைப் பார்த்தாய். உன் பாட்டில் எப்போது காலியாகும்?

உன் கோகி


சேலையூர்,
18.1.2026

ஷீலா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால், "கடையில கூட்டம்" என்று வைத்துவிடுகிறாய். நான் கேட்டது தப்பா?

நேற்று டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் வேண்டாம் என்றார். இப்படியே சாப்பிட்டு, குடித்து, நடந்தால் போதுமாம். வெளியே வந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. டாக்டர் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டது. உன்னைப்போல் என்னைப் பார்க்க இந்த உலகத்தில் வேறு யாருமில்லை.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

கோகி


கோவிலம்பாக்கம்,
1.2.2026

என் கோகிக் கண்ணு,

கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. உனக்கு வாயைத் திற என்று எழுதியவள் தன் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன். உன் நவம்பர் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கால் நடுங்கியது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். நடுங்கிக்கொண்டேகூடப் பேசலாம் போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத மதியம், மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "சார், சாவி உங்க பாக்கெட்ல இருக்கற வரைக்கும் நாங்க தண்ணி குடிக்க முடியாது."

"இன்னா ஷீலா, இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றார்.

"எனக்கு வயிறு போறதே பேஜாரா இருக்கு சார். பேசித்தான் ஆவணும்."

அவர் முறைத்தார். திரும்பிப் பார்த்தால், என் பக்கத்தில் புடவை மடிக்கும் கங்கம்மா அக்கா, மடித்ததைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். "எனக்கும் அதே கதைதான் கீது சார்" என்றார். அவருக்குப் பின்னால் பட்டு செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

சாவி இப்போது மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை. நாள் முழுக்க நிற்பதை நடையென்று நினைத்த என் புத்தியையும் மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சேலையூருக்கு வருகிறேன், உன்னோடு கேம்ப் ரோட்டில் நடக்க.

இந்தக் கடிதத்தில் அங்கங்கே மை கரைந்திருக்கும். அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாட்டிலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, குடித்துக் குடித்து எழுதுகிறேன்.

உன்,
ஷீலா